வீட்டிலேயே காசநோய்ச் சிகிச்சை: சென்னை ஆய்வு காட்டிய வழி

நாடு விடுதலை பெற்ற காலத்தில் காசநோயாளிகளின் எண்ணிக்கை பல லட்சமாக இருந்தது. அவர்களுக்கெனச் சானடோரியங்களில் இருந்த படுக்கைகளோ மிகச் சில. நீண்ட ஓய்வு, தூய காற்று, ஊட்டமான உணவு ஆகிய மூன்றும் சானடோரியத்தில்தான் கிடைக்கும். அவையின்றி நோய் குணமாகாது என்பதே அக்கால மருத்துவ உலகின் கருத்து. அக்கருத்து சரியானால், ஏழை நோயாளிகளுள் பெரும்பாலோருக்குச் சிகிச்சையே இல்லை என்று பொருள்படும்.

1940-களில் ஸ்ட்ரெப்டோமைசினும் பாஸ் என்னும் மருந்தும், 1952-இல் ஐசோனையசிட்டும் வழக்கிற்கு வந்தன. இம்மருந்துகளை வீட்டிலிருந்தபடியே உட்கொண்டால் போதுமா என்ற வினா எழுந்தது. விடை காண 1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவற்றின் கூட்டு முயற்சி இது. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் இதன் முதல் இயக்குநர்.

ஆய்வும் முடிவும்

நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்திலும், மற்றவர் தம் நெருக்கடியான வீடுகளிலும் ஓராண்டு சிகிச்சை பெற்றனர். இரு பிரிவினருக்கும் மருந்துகள் ஒன்றே. முடிவு 1959-இல் வெளியாயிற்று. ஆண்டிறுதியில் நோய் தணிந்திருந்தோர் சானடோரியத்தில் 92 சதவீதம். வீடுகளில் 86 சதவீதம். சானடோரியத்தில் உணவும் ஓய்வும் மேம்பட்டிருந்தும் வேறுபாடு சிறிதே.

வீட்டிலுள்ளோருக்கு நோய் பரவுமே என்ற அச்சத்திற்கும் விடை கிடைத்தது. இரு பிரிவுகளின் குடும்பத்தினரையும் ஐந்தாண்டுகள் கவனித்ததில், வீட்டுச் சிகிச்சையால் கூடுதல் தொற்று ஏற்படவில்லை. காரணம் எளிது. தொற்றின் பெரும்பகுதி நோய் கண்டறியப்படுமுன்பே நேர்ந்து விடுகிறது. மருந்து தொடங்கியபின் சளியில் கிருமிகள் விரைவில் குறைகின்றன. 1962-இல் உருவான தேசியக் காசநோய்த் திட்டத்திற்கு இம்முடிவுகள் அடிப்படையாயின.

ஆயினும் ஒரு நிபந்தனை உண்டு. மருந்து இடைவிடாது உட்கொள்ளப்பட வேண்டும். இதற்காக ஆய்வாளர்கள் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணினர், சிறுநீரைச் சோதித்தனர். கண்காணிப்பில் மருந்து தரும் முறைக்கு இவ்வனுபவமே வித்திட்டது.

நுரையீரலின் திறன்

கிருமி ஒழிந்ததும் சிகிச்சை முற்றுப்பெற்றதாகக் கருதுவது போதாது. நோய் அரித்த இடத்தில் தழும்பு உண்டாகிறது. சுவாசக் குழல்கள் சுருங்கவோ விரிந்து உருக்குலையவோ கூடும். ஆழ மூச்சிழுத்து வேகமாக ஊதச் செய்து, முதல் நொடியில் வெளியேறும் காற்றையும் மொத்தக் காற்றையும் ஸ்பைரோமீட்டர் அளக்கிறது. குணமானோர் பலரிடம் இவ்வளவுகள் குறைந்தே காணப்படுகின்றன. சுமை தூக்கியும் மண் வெட்டியும் பிழைப்போருக்கு இக்குறைவு வருவாய் இழப்பாகும். இழந்த திறன் முழுமையாக மீள்வது அரிது. ஆகவே நோயை விரைவில் கண்டறிவதே சிறந்த பாதுகாப்பு.

உணவின் இடம்

உணவைப் பற்றிய வினா மீண்டும் எழுந்தது. ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில், நோயாளிகளின் குடும்பங்களைச் சேர்ந்த 10,345 பேரிடையே நடந்த ஆய்வின் முடிவு 2023-இல் வெளிவந்தது. கூடுதல் உணவு பெற்ற குடும்பங்களில், நோயாளிக்கு மட்டும் உணவு தரப்பட்ட குடும்பங்களைவிட, புதிதாகக் காசநோய் காண்பது 39 சதவீதம் குறைந்தது. இது சென்னை ஆய்வுக்கு முரணானதன்று. கிருமியைக் கொல்வது மருந்து. கிருமி புகுந்த உடலில் நோய் தலையெடுக்காமல் தடுக்க உணவு துணை நிற்கிறது. நோயாளிகளுக்கு மாதந்தோறும் 500 ரூபாய் வழங்கும் ஊட்டச்சத்து உதவித் திட்டம் 2018-இல் தொடங்கியது. 2024 நவம்பரில் அத்தொகை 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

உலகின் காசநோயாளிகளுள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். நோயாளியின் வீட்டையே சிகிச்சைக் கூடமாக்கலாம் என்று சென்னை ஆய்வு மெய்ப்பித்தது. அவ்வீட்டிற்கு மருந்தும் உணவும் தவறாது சென்று சேர்வது நிர்வாகத்தின் பொறுப்பாகும்.