கையும் காதும் வழிகாட்டும் பாடசாலை

வாசலில் சாய்தளம் அமைத்துவிட்டால் கடமை முடிந்தது என்றே பலரும் நினைக்கிறோம். சக்கர நாற்காலியில் வருபவருக்கு அது உதவும். விழிப்புலனற்ற மாணவருக்கோ, வகுப்பறை எங்கே, படி எங்கே தொடங்குகிறது என்பதைக் கட்டடமே சொல்ல வேண்டும்.

இந்தியாவின் காந்திநகரில் 2021இல் கட்டப்பட்ட பார்வையற்றோர் பாடசாலை இதற்கு நல்ல உதாரணம். அதன் நடைபாதையில் நீளச் சுவர்களின் பூச்சில் கிடைக்கோடுகளும், குறுகிய சுவர்களில் நிலைக்கோடுகளும் உள்ளன. தடவினாலே திசை தெரியும். கூரையின் உயரம் இடத்துக்கிடம் மாறுவதால் காலடி ஓசையும் மாறுகிறது. முற்றங்களில் வாசனைச் செடிகள். மங்கலாகப் பார்ப்பவர்களுக்காகக் கதவுகளுக்கு எடுப்பான வேறு நிறம். சாந்து பூசும் மேசனுக்கு முன்கூட்டியே சொன்னால் இதில் பாதி முடிந்துவிடும்.

இலங்கையில் பொதுக் கட்டடங்களை மாற்றுத்திறனாளிகள் அணுகக்கூடியதாக அமைப்பதற்கான ஒழுங்குவிதிகள் 2006இல் வர்த்தமானியில் வெளியாகின. 2011இல் உயர் நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது.

செல்லடியில் பார்வை இழந்தவர்கள் இன்று பெற்றோராகவும் பாடசாலைக்கு வருகிறார்கள். ஆகவே உங்கள் ஊர்ப் பாடசாலையில் புதிய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டும் முன்பே, அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் வரைபடத்தைக் கேளுங்கள். படியின் விளிம்பு, கைபிடி, திறந்த வடிகான் ஆகியவற்றைப் பார்வையில்லாதவர் எப்படி அறிவார் என்று கேளுங்கள். கொங்கிரீட் இறுகிய பின் கேட்டால் செலவு பல மடங்கு.