மான்யமும் அதன் பயனும்

அமெரிக்க நாட்டைச் சேர்ந்த அலாஸ்காவில் சாலையும் வெளியூர் மின்கம்பியும் எட்டாத சிற்றூர்கள் பல உள. ஆறுகள் உறையாத கோடையில் சரக்குப் படகுகள் கொணரும் டீசல் எண்ணெயைச் சேமித்து, அதைக் கொண்டே ஆண்டு முழுவதும் மின்சாரம் உண்டாக்குகின்றனர். ஆகவே செலவு மிகுதி.

இத்தகைய இடங்களுக்கு உதவவே 1936-ஆம் ஆண்டின் கிராம மின்சாரச் சட்டம் 2000-ஆம் ஆண்டில் திருத்தப்பெற்றது. நாட்டுச் சராசரிக் குடும்பம் வீட்டு எரிசக்திக்காக 100 டாலர் செலவிட, ஓர் ஊரில் அச்செலவு 275 டாலரோ மேலோ ஆகுமாயின், அவ்வூர் மான்யம் கோரலாம். கூட்டுறவுச் சங்கங்களும் இதற்கு விண்ணப்பிக்கத் தகுதியுடையவை.

ஆனால், அம்மான்யத்தைக் கொண்டு எண்ணெய் வாங்குதல் கூடாது. மின்கட்டணம் செலுத்துதலும் கூடாது. மின்நிலையம், கம்பித் தடம், காற்றாலை, சிக்கன ஏற்பாடு போன்ற நிலையான வசதிகளுக்கே அது உரியது. எண்ணெய்க்குக் கொடுத்த பணம் அவ்வாண்டே எரிந்துவிடும். காற்றாலையோ ஆண்டுதோறும் எண்ணெயை மிச்சப்படுத்தும். 1968-இல் தொடங்கிய அலாஸ்கா கிராம மின்சாரக் கூட்டுறவுச் சங்கம் 50-க்கும் மேற்பட்ட ஊர்களுக்கு மின்சாரம் அளிப்பதோடு, சில ஊர்களில் காற்றாலைகளும் நிறுவியுள்ளது.

நம் சங்க அங்கத்தினர்களும் இதனைச் சிந்தித்தல் நலம். ஆண்டு நஷ்டத்தை ஈடுசெய்யும் மான்யம் மறு ஆண்டும் நம்மைக் கையேந்தச் செய்யும். நஷ்டத்தின் காரணத்தை நீக்கும் மான்யமே சங்கத்தைத் தன் காலில் நிற்கச் செய்யும்.