எபிசோட் 37: பழைய டர்போ கார் ஏன் திரும்பத் திரும்ப சூடாகுது?

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கி, சில இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

இந்த வாரம் கோடு பத்தி பேசப் போறதில்ல. என் கார் பத்தி பேசப் போறேன். ஆனா கேட்டு முடிச்சதும், ரெண்டும் ஒரே விஷயம்தான்னு உங்களுக்கே தோணும்.

ஏலகிரி மலைப்பாதையில மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவது வளைவுல பானட்லேர்ந்து புகை. பின் சீட்ல அம்மா. "என்னடா எரியுது?"ன்னு கேட்டாங்க. எரியல, ஆவிதான். ஓரமா நிறுத்தி, ஒரு மணி நேரம் கல்லுல உட்கார்ந்திருந்தோம். அந்த ஒரு மணி நேரத்துல அம்மா எடுத்த முடிவு: "இந்த வண்டியை வித்துடு."

கார் 2000-களின் ஆரம்பத்துல வந்த ஒரு ஐரோப்பிய டர்போ பெட்ரோல் செடான். காலேஜ் படிக்கும்போது ரோட்ல பார்த்து ஏங்கின வண்டி. வேலைக்குப் போய் நாலாவது வருஷம் செகண்ட் ஹேண்டுல வாங்கினேன். ஏலகிரிக்கு முன்னாடியே மூணு தடவை சூடாகியிருக்கு. மூணு ஒர்க்‌ஷாப் பார்த்தாச்சு. முதல் ஆள் ரேடியேட்டர் மூடியும் டெம்பரேச்சர் சென்சாரும் மாத்தினார். ரெண்டாவது ஆள் தெர்மோஸ்டாட். மூணாவது இடத்துல புது ரேடியேட்டரே போட்டாங்க. நாற்பதாயிரத்துக்கு மேல போயாச்சு. ஒவ்வொரு தடவையும் சிட்டிக்குள்ள ஓட்டிப் பார்த்தா நல்லா இருக்கும். ஹைவே ஏறினா திரும்பவும் அதே கதை.

ஏலகிரிக்கு அப்புறம் போன நாலாவது இடத்துல, "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும் சார், இன்ஜினைப் பிரிச்சாதான் தெரியும்"னாங்க. அவங்க சொன்ன எஸ்டிமேட், நான் வண்டி வாங்கின விலையில பாதி. அன்னைக்கு ராத்திரிதான் உறைச்சது. ஆபீஸ்ல ஒரு பக் வந்தா லாக் பார்க்காம நான் ஒரு வரியைக்கூட மாத்த மாட்டேன். இங்க நாலு பார்ட் மாத்தியாச்சு, ஒரு அளவுகூட எடுக்கல.

முதல்ல, சூடு எங்க போகுது?

பெட்ரோல் எரியும்போது வர்ற சக்தியில தோராயமா மூணுல ஒரு பங்குதான் வண்டியை ஓட்டுது. ஒரு பங்கு புகையோட வெளிய போயிடும். மிச்சம் ஒரு பங்கை கூலன்ட் சுமந்துட்டுப் போய் ரேடியேட்டர்ல இறக்கணும். இதுல நாலு வேலை நடக்கணும். கூலன்ட் போதுமான அளவு இருக்கணும், அழுத்தத்தோட இருக்கணும். பம்ப் அதைச் சுத்தவிடணும். தெர்மோஸ்டாட் சரியான சூட்டுல வழி திறக்கணும். ரேடியேட்டர் வழியா காத்து போகணும்.

அழுத்தம் எதுக்குன்னா, சாதாரணமா தண்ணி 100 டிகிரியில கொதிக்கும். மூடி ஒரு பார் அழுத்தத்தைப் பிடிச்சு வச்சா, கொதிக்க கிட்டத்தட்ட 120 டிகிரி ஆகணும். அதனாலதான் முந்நூறு, நானூறு ரூபா மூடி லூஸா இருந்தாலே மொத்த சிஸ்டமும் கவிழும். சூடான வண்டியில அந்த மூடியைத் திறக்கக்கூடாதுன்னு சொல்றதுக்கும் இதுதான் காரணம். திறந்த அந்த நொடி அழுத்தம் போயிடும், உள்ள இருக்கறது மொத்தமா கொதிச்சு உங்க கை, முகத்துல அடிக்கும்.

எந்த பார்ட்னு கேக்காதீங்க, எப்போன்னு கேளுங்க

என்கிட்ட யாரும் கேக்காத கேள்வி இது: "எப்போ சூடாகுது?" இந்த ஒரு பதில் பாதி பார்ட்டை லிஸ்ட்லேர்ந்து தூக்கிடும்.

சிக்னல்ல நிக்கும்போது சூடாகி, ஓட ஆரம்பிச்சதும் இறங்குதா? காத்துப் பிரச்சனை. ஃபேன், ஃபேன் ரிலே, இல்லன்னா ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல அடைஞ்ச குப்பை.

சிட்டியில சரியா இருந்து, ஹைவேலயும் மலை ஏத்தத்துலயும் சூடாகுதா? அந்த வேகத்துல காத்து தானா வருது, ஃபேனுக்கு பெருசா வேலையில்ல. அப்போ ஓட்டம் குறைவு: அடைச்ச ரேடியேட்டர், பாதி திறக்கற தெர்மோஸ்டாட், பலவீனமான பம்ப். இல்லன்னா வேகமா ஓடும்போது பம்ப் இழுக்கற இழுப்புல கீழ் ஹோஸ் சப்பையாகி ஒட்டிக்கும்.

கூலன்ட் குறைஞ்சுக்கிட்டே இருக்கு, ஆனா தரையில ஒரு சொட்டு இல்ல. காலையில ஸ்டார்ட் பண்ணின கொஞ்ச நேரத்துலயே ஹோஸ் கல்லு மாதிரி இறுகுது, டேங்க்ல குமிழி வந்துக்கிட்டே இருக்கு. அப்போதான் ஹெட் கேஸ்கெட்டை சந்தேகப்படணும்.

என் வண்டி ரெண்டாவது ரகம். முதல் மூணு ஒர்க்‌ஷாப்பும் சிட்டிக்குள்ள ஓட்டிப் பார்த்துட்டு "ஓகே"ன்னு கொடுத்திருக்காங்க. டெஸ்ட் கேஸே தப்பு.

மீட்டர் முள்ளை நம்பாதீங்க

90-களுக்கு அப்புறம் வந்த நிறைய கார்கள்ல டெம்பரேச்சர் முள் உண்மையை அப்படியே காட்டாது. சுமார் 75 டிகிரியிலேர்ந்து 105 வரைக்கும் நடுவுலயே நிக்கற மாதிரி வச்சிருப்பாங்க. முள் அசையுதுன்னா, ஏற்கெனவே நேரமாயிடுச்சுன்னு அர்த்தம்.

அதனால ஒரு சின்ன ப்ளூடூத் ஓபிடி அடாப்டர் வாங்கி, போன்ல கூலன்ட் சூட்டை லாக் பண்ணினேன். அண்ணா சாலை டிராஃபிக்ல 96, ஃபேன் போட்டதும் 92. பெங்களூரு ஹைவேல 100-க்கு மேல கால் மணி நேரம் போனா 104. அப்பவும் முள் நடுவுலதான். ஒரு மேம்பால ஏத்தத்துல 108. வேகத்தைக் குறைச்சா மெதுவா இறங்குது. காத்து, ஃபேன் ரெண்டும் சரி. ஓட்டத்துலதான் ஏதோ தப்பு.

ஐம்பதாயிரம் கேள்விக்கு முன்னாடி ஐநூறு ரூபா கேள்வியையும் கேட்டேன். ஹெட் கேஸ்கெட்டுக்கு ஒரு ரசாயன டெஸ்ட் இருக்கு. கூலன்ட் டேங்க் வாயில நீலத் திரவம் வச்சு, அங்க இருக்கற காத்தை அது வழியா இழுப்பாங்க. எரிஞ்ச வாயு கூலன்ட்ல கலந்திருந்தா நீலம் மஞ்சளாகும். எனக்கு நீலமாவே இருந்துச்சு. ஒரு தடவை நீலமா இருந்தா நூறு சதவீதம் நிச்சயம்னு சொல்ல முடியாது. ஆனா கூலன்ட் காரணமில்லாம குறையவும் இல்ல, காலையில குமிழியும் இல்ல. இன்ஜினைப் பிரிக்கற முடிவைத் தள்ளிப்போட இது போதும்.

ரெண்டு ஹோஸ், ரெண்டு நம்பர்

தெரிஞ்ச ஒரு அண்ணன் பழைய கார் மட்டும் பார்க்கறவர், சின்ன ஷெட். என் கிராஃபைப் பார்த்துட்டு சிரிச்சார். "தம்பி, இவ்ளோ எழுதியிருக்கீங்க, ஹோஸைத் தொட்டுப் பார்த்தீங்களா?"

இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை எடுத்தார். அதை கறுப்பு ரப்பர் மேலதான் காட்டணும், பளபளப்பான அலுமினியத்துல காட்டினா சூட்டைக் குறைச்சுக் காட்டும். இன்ஜினை 3000 ஆர்பிஎம்ல பிடிச்சு வச்சோம். ரேடியேட்டருக்குள்ள போற மேல் ஹோஸ் 103. திரும்பி வர்ற கீழ் ஹோஸ் 48.

நான் என்ன நினைச்சேன்? "சூப்பர், ரேடியேட்டர் 55 டிகிரி குறைக்குதே!" அவர் தலையாட்டினார். காலேஜ்ல படிச்ச ஃபார்முலா அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. கடத்தற சூடுங்கறது ஓட்டத்தின் அளவையும், சூட்டு வித்தியாசத்தையும் பெருக்கினது. நல்லா ஓடுற சிஸ்டத்துல உள்ள போறதுக்கும் வெளிய வர்றதுக்கும் வித்தியாசம் சின்னதாதான் இருக்கும். வித்தியாசம் இவ்வளவு பெருசுன்னா, தண்ணி ரேடியேட்டர்லயே தூங்குது. கொஞ்சம்தான் நகருது.

இதுக்கு மூணு பேர் மேல சந்தேகம். ரேடியேட்டர் புதுசு, ஹோஸ் வச்சு தண்ணி விட்டா தாராளமா போகுது. தெர்மோஸ்டாட்டைக் கழட்டி, பாத்திரத்துல தண்ணி கொதிக்க வச்சுப் போட்டோம். 87-க்கு மேல அழகா திறந்துச்சு. மிச்சம் இருக்கறது வாட்டர் பம்ப்.

இன்னொரு தடயமும் இருந்திருக்கு. கேபின் ஹீட்டரைப் போட்டா, இன்ஜின் 100-ல இருக்கும்போதும் வெதுவெதுப்பாதான் காத்து வந்துச்சு. சூடான கூலன்ட் அங்கயும் சரியா போகல. ஆனா சென்னையில ஹீட்டர் போடறவன் யாரு?

ஃபைல்ல இருந்த பதில்

என் இன்ஜின்ல வாட்டர் பம்பை ஓட்டறது டைமிங் பெல்ட். கவருக்குள்ள மறைஞ்சிருக்கும். அண்ணன் கேட்டார்: "பெல்ட் எப்போ மாத்தினது?" வண்டியோட வந்த பில் கட்டைப் புரட்டினேன். முந்தின ஓனர் காலத்து பில் ஒண்ணு: டைமிங் பெல்ட், டென்ஷனர், லேபர். வாட்டர் பம்ப் இல்ல. அவ்வளவு தூரம் பிரிச்சுட்டு, சில ஆயிரம் மிச்சம் பிடிக்க பழைய பம்பையே விட்டிருக்காங்க.

கழட்டிப் பார்த்தோம். உள்ள சுத்தற இம்பெல்லர் பிளாஸ்டிக். நடுவுல விரிசல். இம்பெல்லரை விரலால பிடிச்சுக்கிட்டு புல்லியைச் சுத்தினா, தண்டு மட்டும் சுத்துது. லேசான வேலைக்கு ஒட்டிக்கிட்டு சுத்தும், லோடு ஏறினா வழுக்கும். சிட்டியில சரி, மலையில ஆவி. எல்லாம் பொருந்திடுச்சு.

பழைய வேகக் கார்கள்ல இது அபூர்வமில்ல. 90-கள்ல வந்த பிஎம்டபிள்யூ ஈ36-லயும் பிளாஸ்டிக் இம்பெல்லர் பிரச்சனை பிரபலம், உலோக இம்பெல்லருக்கு மாறினவங்க நிறைய. மூணாம் தலைமுறை மாஸ்டா ஆர்எக்ஸ்-7-ல கூலன்ட்லேர்ந்து காத்தைப் பிரிக்கற பிளாஸ்டிக் டேங்க் வயசானா வெடிக்கும். போர்ஷே பாக்ஸ்டர் 986-ல ரேடியேட்டர் முன் பம்பர் ஓரங்கள்ல இருக்கறதால காஞ்ச இலை போய் அடைஞ்சுக்கும். இன்ஜின் எவ்வளவு பலமா இருந்தாலும், அதைச் சுத்தி இருக்கற பிளாஸ்டிக்கும் ரப்பரும் இருபது வருஷத்துக்குத் தாங்காது.

உலோக இம்பெல்லர் பம்ப், புது பெல்ட், டென்ஷனர், சரியான கூலன்ட், உள்ள மாட்டின காத்தை வெளியேத்தற வேலை. எல்லாம் சேர்த்து, அந்த எஸ்டிமேட்ல அஞ்சுல ஒரு பங்குகூட ஆகல. பம்ப் இறுகி பெல்ட் அறுந்திருந்தா, வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போயிருக்கும்.

நீங்க மறக்கக்கூடாத நாலு விஷயம்

ஒண்ணு: "தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போட்டுடலாம்"னு யாராவது சொன்னா வேண்டாம்னு சொல்லுங்க. சில இன்ஜின்கள்ல அது இல்லன்னா பைபாஸ் வழி திறந்தே இருக்கும், சூடான கூலன்ட்ல ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாம சுத்தும். நிலைமை மோசமாகும்.

ரெண்டு: போர் தண்ணி ஊத்தாதீங்க. உப்பு படிஞ்சு அடைக்கும், துரு பிடிக்கும். உங்க வண்டிக்கான கூலன்ட், டிஸ்டில்டு வாட்டர், அவ்வளவுதான்.

மூணு: ஓடும்போது சூடு ஏற ஆரம்பிச்சா ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுசா வச்சு, ஓரங்கட்டுங்க. சிவப்பைத் தொட்டாலோ ஆவி வந்தாலோ உடனே இன்ஜின் ஆஃப். மேல பச்சைத் தண்ணி ஊத்தாதீங்க, அலுமினிய ஹெட் வளையும், இல்ல விரியும்.

நாலு: பழைய கார் வாங்கறதுக்கு முன்னாடி பில்லை வரி வரியா படிங்க. என்ன மாத்தினாங்கன்னு மட்டும் பார்க்காம, என்ன மாத்தலன்னும் பாருங்க.

போன ஞாயிறு திரும்பவும் ஏலகிரி போனேன். மேல வரைக்கும் 98 தாண்டல. ஒன்பதாவது வளைவுல அம்மா பின் சீட்லேர்ந்து எட்டி, போன்ல ஓடுற நம்பரைப் பார்த்தாங்க. விக்கற பேச்சை எடுக்கல. "மெதுவாவே போ"ன்னாங்க. போனேன்.

அடுத்த வாரம் சந்திப்போம்.