தீநுண்மியின் ஏட்டைக் கிழிக்கும் மருந்து

கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்தொடர் வண்டியில் நாளும் பயணம் செய்வோர், குரோம்பேட்டையை அடுத்துத் தாம்பரம் சானடோரியம் என்னும் பெயர்ப்பலகையைக் காண்பர். மருத்துவர் டேவிட் சௌரிமுத்து 1928இல் தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர் அது. அக்காலத்தில் காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து எதுவும் இல்லை. தூய காற்றும் ஓய்வும் நல்லுணவுமே மருத்துவம். 1937இல் அரசு ஏற்றுக்கொண்ட அம்மருத்துவமனை, இன்று நெஞ்சக நோய்களுக்கான பெருநிலையமாக விளங்குகின்றது. நுரையீரல் நோய்க்கு மருந்தைக் கண்டறிவது ஒன்று. அதனை நுரையீரலுக்குள் கொண்டுசேர்ப்பது மற்றொன்று. கொரோனாத் தீநுண்மிக்கு எதிராக உருவாக்கப்பட்டுவரும் மரபணு ஒடுக்க மருந்துகளின் வரலாறு இவ்விரண்டாவது சிக்கலின் வரலாறேயாகும்.

சுவடி நூலகம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். மூலச்சுவடி நூலகத்தை விட்டு வெளியே வருவதில்லை. வேண்டிய பகுதியைப் படியெடுத்தே பட்டறைக்கு அனுப்புவர். நம் உயிரணுவில் மூலச்சுவடியாக இருப்பது டி.என்.ஏ.; படியாகச் செல்வது ஆர்.என்.ஏ.; அதைப் படித்துப் பட்டறை செய்து தரும் பொருள் புரதம். கொரோனாத் தீநுண்மியோ மூலச்சுவடி இல்லாமல், ஏறத்தாழ 30,000 எழுத்துகள் கொண்ட ஆர்.என்.ஏ. ஏடு ஒன்றை மட்டுமே சுமந்து வருகின்றது. நம் பட்டறை அதனைத் தன் வீட்டு ஏடென்றே நம்பிப் பகைவனுக்குப் புரதம் செய்து கொடுக்கின்றது.

அவ்வேட்டைக் கிழித்துவிட்டால் என்ன? கிழிக்கும் கருவி உயிரணுவிலேயே உள்ளது என்பது தற்செயலாய்த் தெரியவந்தது. பெட்டூனியாப் பூவின் ஊதா நிறத்தை மேலும் அடர்த்தியாக்க விரும்பி, அதற்குரிய மரபணுவைக் கூடுதலாகப் புகுத்தினர். பூ வெளுத்துப் போயிற்று. இவ்வியப்பு 1990இல் வெளியாயிற்று. 1998இல் ஆண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ ஆகிய இருவரும் சிறு புழுவொன்றை ஆராய்ந்து, இரட்டை இழை ஆர்.என்.ஏ.வே மரபணுவை ஒடுக்குகின்றது எனக் காட்டினர். 2006இல் அவர்கட்கு நோபல் பரிசு கிட்டியது. பாலூட்டிகளின் உயிரணுக்களில் 21 எழுத்து நீளமுள்ள சிறு துண்டே இதற்குப் போதும் என்பது 2001இல் தெளிவாயிற்று. உயிரணுவின் புரதத் தொகுதி ஒன்று அத்துண்டின் ஓரிழையை எறிந்துவிட்டு மற்றதை வழிகாட்டியாக ஏந்திக்கொள்ளும். அதனோடு பொருந்தி இணையும் வரி எந்த ஏட்டில் உள்ளதோ, அந்த ஏட்டை நறுக்கிவிடும்.

ஆக, 30,000 எழுத்துகளில் எந்த 21ஐத் தேர்வது என்பதே முதல் வினா. அவ்வரி மனித ஏடுகளில் இருத்தல் ஆகாது. தீநுண்மி உருமாறினாலும் எளிதில் மாறாத பகுதியாக, தன்னைப் படியெடுக்கும் நொதிக்குரிய பகுதி போன்றதாக, அஃது இருத்தல் வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களைக் குறிவைத்தல் இன்னும் நன்று. எச்.ஐ.வி.க்கு எதிரே ஒற்றை மருந்து தோற்று, கூட்டு மருந்துகள் வென்றதை நாம் அறிவோம். 2004 ஏப்ரல் முதல் நாள் நடுவணரசு அக்கூட்டு மருந்துகளை இலவசமாக வழங்கத் தொடங்கிய நிலையங்களுள் தாம்பரமும் ஒன்று.

இவ்வளவும் கணிப்பொறியின் துணையால் சில நாள்களில் முடியும். அப்பால்தான் இடர்ப்பாடு. குருதியில் இறங்கிய ஆர்.என்.ஏ.வை நொதிகள் விரைவில் சிதைத்துவிடும். வேதி மாற்றத்தாலும் கொழுப்பு உறையாலும் அதனைக் காத்தால், அது பெரும்பாலும் கல்லீரலில் போய்ச் சேருகின்றது. இவ்வகையில் முதன்முதலாக 2018இல் அமெரிக்க ஒப்புதல் பெற்ற பாட்டிசிரான் கல்லீரலில் செயல்படும் மருந்தே. மூச்சின் வழியே செலுத்தலாமே எனில், நுரையீரல் தூசியை வெளியேற்றவே அமைந்த உறுப்பு: கோழை பிடித்துக்கொள்ளும், மயிரிழைகள் மேலே தள்ளும், காவல் உயிரணுக்கள் விழுங்கும். இத்தனையும் கடந்தால்தான் நோயுற்ற உயிரணுவின் வாயில்.

எனினும் முயற்சிகள் பொய்க்கவில்லை. முதல் சார்ஸ் நோய்க்கு எதிராகக் குரங்குகளுக்கு மூக்கு வழியே இம்மருந்தைக் கொடுத்து நற்பயன் கண்டதாக 2005இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கோவிட் காலத்தில் அல்நைலம், விர் என்னும் நிறுவனங்கள் கூட்டாக உருவாக்கிய மருந்து மனிதச் சோதனைக்கு வராமலே நின்றுபோயிற்று. ஆஸ்திரேலிய, அமெரிக்க ஆய்வாளர்கள் 2021இல் சுண்டெலிகளின் நுரையீரலில் தீநுண்மியை 99.9 விழுக்காடு குறைத்தனர். உருசியா, மிர்-19 என்னும் மூச்சிழுப்பு மருந்தை அவ்வாண்டின் இறுதியில் பதிவு செய்தது. சோதனையில் அதனைக் குறைந்த அளவில் பெற்றோர் ஏறத்தாழ 6 நாள்களிலும், பெறாதோர் 8 நாள்களிலும் நலம் பெறலாயினர். யாருக்கு மருந்து தரப்பட்டது என்பதை மறைக்காது நடத்திய சோதனை அது. ஆதலின் அம்முடிவை முற்றானதெனக் கொள்ளற்க.

விலையும் அச்சந்தருவது. பாட்டிசிரானுக்கு அமெரிக்காவில் குறித்த விலை ஆண்டொன்றுக்கு 4,50,000 டாலர். இதனைக் கேட்டுச் சானடோரியத்தின் வெளிநோயாளர் வரிசையில் நிற்பவர் என்ன சொல்வார்! ஆயினும் 21 எழுத்துத் துண்டை உயிருள்ள அணுக்களின் துணையின்றி வேதிமுறையிலேயே தொகுக்கலாம். தீநுண்மி மாறினால் எழுத்துகளை மாற்றி மீண்டும் தொகுக்கலாம். 2002, 2012, 2019 என இருபது ஆண்டுகளுக்குள் மூன்று புதிய கொரோனாத் தீநுண்மிகள் தோன்றியிருக்க, இவ்விரைவே அதன் பெருஞ்சிறப்பு எனக் கருதுகின்றேன். ஆனால் விரைவுக்கு ஆலை வேண்டும். தாம்பரத்திற்குத் தெற்கே, செங்கல்பட்டை அடுத்த திருமணியில் நடுவணரசு எழுப்பிய தடுப்பூசி வளாகத்தில், தடுப்பூசிக்காக மக்கள் ஏங்கி நின்ற 2021 மே மாதத்தில் கொரோனாத் தடுப்பூசி ஒரு குப்பியும் உற்பத்தியாகவில்லை. அதனை மாநிலத்திடம் ஒப்படைக்குமாறு தமிழக முதலமைச்சர் அம்மாதமே பிரதமருக்கு எழுதினார். அடுத்த தீநுண்மியின் 30,000 எழுத்துகள் வெளியாகும் நாளில், அதற்குரிய 21 எழுத்துகளைத் தொகுக்கும் ஆலை எங்கே இருக்கும் என்பதை இப்போதே கேட்டாக வேண்டும்.