போர்டுல இருக்கிற 'எம்.எஸ். ஓ.ஜி.'க்குப் பின்னாடி என்ன பரீட்சை இருக்கு?

தூத்துக்குடி பாளையங்கோட்டை ரோட்டுல ஒரு ரவுண்ட் போனீங்கன்னா மகப்பேறு டாக்டர் போர்டு நிறைய கண்ணுல படும். பேருக்குக் கீழே எம்.எஸ். ஓ.ஜி., டி.ஜி.ஓ., டி.என்.பி.ன்னு எழுத்துகள் வரிசையா நிக்கும். நம்ம அக்காவையோ தங்கச்சியையோ கூட்டிட்டுப் போறப்போ அதை யாரும் உத்துப் பார்க்கிறதில்ல. இந்த எபிசோட்ல அந்த எழுத்துகளை டீகோட் பண்ணுவோம்.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். நீட் பி.ஜி. வேற, தகுதித் தேர்வு வேற. நீட் பி.ஜி. உள்ளே போறதுக்கான கேட். 200 கேள்வி, சரியான பதிலுக்கு 4 மார்க், தப்புக்கு 1 மார்க் கழியும். எம்.பி.பி.எஸ். முடிச்சவங்க அதுல வாங்குற ரேங்கை வச்சு மேற்படிப்பு சீட் கிடைக்கும். நம்ம மொழியில சொன்னா அது இன்டர்வியூ ரவுண்ட் மட்டும்தான்.

தமிழ்நாட்டுல மாநில ஒதுக்கீட்டு இடங்கள்ல பாதி, ஏற்கனவே அரசுப் பணியில இருக்கிற டாக்டர்களுக்கு. இப்படி ஒதுக்க மாநிலத்துக்கு அதிகாரம் இருக்குன்னு 2020 ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பு சொல்லுச்சு. இது ஏன் முக்கியம்? கடலோர ஆரம்ப சுகாதார நிலையத்துல வேலை பார்க்கிற ஒரு டாக்டர் ஸ்பெஷலிஸ்ட்டா திரும்பி அரசு ஆஸ்பத்திரிக்கே வர்றதுக்கான வழி இதுதான்.

சீட் கிடைச்சதும் மூணு வருஷம். லேபர் வார்டு, ஆபரேஷன் தியேட்டர், நைட் டியூட்டி. கூடவே ஒரு தீசிஸ், செஞ்ச வேலையை எல்லாம் பதியுற லாக்புக். இடையில மூணு மாசம் மாவட்ட ஆஸ்பத்திரியில வேலை பார்க்கணும். கடைசியிலதான் தகுதித் தேர்வு. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகள்ல படிக்கிறவங்களுக்கு அதை நடத்துறது டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். 2000-ல ஆரம்பிச்ச நம்ம தூத்துக்குடி மருத்துவக் கல்லூரியும் அதோட இணைஞ்சதுதான்.

தியரி நாலு பேப்பர்: அடிப்படை அறிவியல், மகப்பேறு, பெண்கள் நோய், கடைசியா இந்தத் துறையில வந்திருக்கிற புது விஷயங்கள். தியரியில தனியா, பிராக்டிகல்ல தனியா 50 சதவீதம் எடுக்கணும். ஒண்ணுல அள்ளிக் குவிச்சாலும் இன்னொண்ணைக் காப்பாத்தாது.

நிஜமான ஆட்டம் பிராக்டிகல்லதான். எக்ஸாமினர் குறைஞ்சது நாலு பேர், அதுல ரெண்டு பேராவது வெளியூர்க் கல்லூரியில இருந்து வரணும். ஒரு கர்ப்பிணிகிட்ட விவரம் கேட்டு, பரிசோதிச்சு, என்ன பிரச்சினை, அடுத்து என்ன செய்யலாம்னு சொல்லணும். அப்புறம் வைவா மேஜை. பிளாஸ்டிக் இடுப்பெலும்பும் ஒரு குழந்தை பொம்மையும் கையில கொடுத்து, "தலை எப்படித் திரும்பி வெளிய வரும், காட்டு"ன்னு கேப்பாங்க. ஆயுதக் கருவி, மருந்து எல்லாம் வரிசையா வரும்.

ஒரு சாம்பிள் கேள்வி பார்ப்போம். ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வந்த கர்ப்பிணி. மருந்து மெக்னீசியம் சல்பேட். பிரிட்சார்ட் முறையில முதல் டோஸ், நரம்பு வழியா 4 கிராம், ரெண்டு பக்கப் புட்டத்துலயும் 5 கிராம் 5 கிராம். இதுவரைக்கும் மனப்பாடம் போதும். அடுத்த கேள்விதான் பொறி: "அடுத்த டோஸுக்கு முன்னாடி என்ன பார்ப்பே?" முழங்கால் அனிச்சை இருக்கா, மூச்சு நிமிஷத்துக்கு 16-க்குக் குறையாம இருக்கா, சிறுநீர் மணிக்கு 30 மில்லியாவது போகுதா. மருந்து அளவு கூடிட்டா மூச்சே நின்னுடும், மாற்று மருந்து கால்சியம் குளுக்கோனேட். இதைச் சொல்லாதவர் மருந்தைத் தெரிஞ்சவர், ஆனா அந்தப் பெண்ணை அவர்கிட்ட தனியா விட முடியாது. பரீட்சை பிரிக்க நினைக்கிறது இந்த ரெண்டு பேரைத்தான்.

டி.என்.பி.ன்னா? தேசிய தேர்வு வாரியம் நாடு முழுக்க ஒரே மாதிரி நடத்துற பரீட்சை. நிறைய தனியார் ஆஸ்பத்திரிகள்லயும் இதுக்குப் பயிற்சி உண்டு. தியரி பாஸ் பண்ணினாத்தான் பிராக்டிகல். சட்டப்படி எம்.எஸ்.க்குச் சமம். டி.ஜி.ஓ. ரெண்டு வருஷ டிப்ளமோ, அதுவும் முறையான ஸ்பெஷலிஸ்ட் படிப்புதான். சீனியர் டாக்டர்கள் சிலர் போர்டுல எம்.டி. ஓ.ஜி.ன்னு இருக்கும், அது இதே படிப்போட பழைய பேர். ஆனா எஃப்.எம்.ஏ.எஸ். மாதிரியானது லேப்ராஸ்கோப்பிக்கான கூடுதல் சான்றிதழ். அதை மட்டும் வச்சு யாரும் மகப்பேறு ஸ்பெஷலிஸ்ட் ஆக முடியாது.

இப்போ சிக்கலான இடம். இது ஒரு அறுவை சிகிச்சைப் படிப்பு. ஆனா இறுதிப் பரீட்சையில சிசேரியன் செய்யச் சொல்லி யாரும் பக்கத்துல நின்னு பார்க்கிறதில்ல. முத்துக்குளிக்கிறவரைக் கரையில உக்கார வச்சு, கடலைப் பத்திக் கேள்வி கேக்கிற மாதிரி. அவர் மூச்சுப் பிடிக்கிற திறமைக்குச் சாட்சி, கூடப் படகுல போனவங்க மட்டும்தான். இங்க அந்தச் சாட்சி லாக்புக்கும் கையெழுத்து போட்ட பேராசிரியரும். பிரிட்டன்ல எம்.ஆர்.சி.ஓ.ஜி. மூணு பாகப் பரீட்சையிலயும் நிஜ ஆபரேஷன் கிடையாது. ஆனா அங்க பயிற்சிக் காலத்துலயே சீனியர் நேர்ல பார்த்து, ஆபரேஷன் ஆபரேஷனா மதிப்பீடு எழுதுற முறை இருக்கு. அப்போ லாக்புக்ல எண்ணிக்கை மட்டும் நிரம்பினா போதாது, ஒவ்வொரு கையெழுத்தும் உண்மையா இருக்கணும்.

ஏன் இவ்வளவு கறார்? நிறைமாசத்துல கர்ப்பப்பைக்கு நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு மேல ரத்தம் ஓடுது. வேம்பார்ல இருந்து 108-ல ஒரு பெண்ணை ரத்தப்போக்கோட தூத்துக்குடிக்குக் கொண்டு வர்றாங்கன்னு வைங்க. பாதி நேரம் ரோட்டுலயே போயிடும். மிச்ச நேரத்துல புத்தகத்தைப் புரட்ட முடியாது.

அதனால அடுத்த தடவை போர்டைப் பாருங்க. எம்.எஸ்., எம்.டி., டி.ஜி.ஓ., டி.என்.பி. இதுல ஒண்ணு இருக்கா? சந்தேகம்னா, "மேடம், உங்க ஸ்பெஷாலிட்டி படிப்பு கவுன்சில்ல பதிவாகியிருக்கா?"ன்னு மரியாதையா கேக்கலாம். கேக்கிறதுல தப்பே இல்ல. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.