கோசெத்துக்குக் கிடைக்காத பாவாடை

புசல்லாவைத் தோட்டமொன்றில் எங்கள் மாதர் சங்கம் மாலை 5 மணிக்குப் பின்புதான் கூடும். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த களைப்போடு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். அங்கே வெறும் உரை எடுபடாது. அதனால் ஒருநாள் மடிக்கணினியில் ஒரு படத்தைப் போட்டுக் காட்டி, கதையை நானே தமிழில் சொன்னேன்.

விக்டர் ஹியூகோ 1862இல் வெளியிட்ட 'லே மிசராப்ல' நாவலின் கதை அது. ரொட்டி திருடியதற்கு 5 வருடம், தப்பியோட முயன்றதற்கு 14 வருடம் எனச் சிறையிருந்த ஜான் வல்ஜான்தான் நாயகன். சுத்தானந்த பாரதியார் இதனை 'ஏழை படும் பாடு' என்று தமிழாக்கினார். அதே பெயரில் 1950இல் கே. ராம்நாத் இயக்க, நாகையா நடித்த படமும் வந்தது. துரத்தும் பொலிஸ் அதிகாரியாக நடித்த சீதாராமன், அதன்பின் கடைசிவரை 'ஜாவர்' சீதாராமன்தான்!

நாங்கள் பார்த்தது 2012இல் வந்த ஆங்கிலப் படம். அதில் வருவது 1789 பிரெஞ்சுப் புரட்சி என்றே பலரும் நினைக்கிறார்கள். படிக்கும் காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் அது 1832 ஜூனில் பரிஸில் எழுந்து, இரண்டே நாளில் அடக்கப்பட்ட கிளர்ச்சி. தெருத்தடுப்பில் இளைஞர்கள் மடியும் காட்சிகளுக்குப் படம் நிறையவே இடம் கொடுக்கிறது. எங்கள் பெண்களின் மனமோ அதற்கு வெகு முன்பே பான்டினிடம் நின்றுவிட்டது.

பான்டின் தொழிற்சாலைக் கூலி. மகள் கோசெத்தை ஒரு விடுதிக்காரரிடம் விட்டு, மாதாமாதம் பணம் அனுப்புகிறாள். அவளுக்கு எழுதத் தெரியாது. கடிதம் எழுதிக் கொடுப்பவர் மூலம் பிள்ளை இருப்பது வெளியே தெரிந்து, வேலை போகிறது. குளிருக்கு உடுப்பு வேண்டுமென்று விடுதிக்காரர் கேட்க, தலைமுடியை 10 பிராங்குக்கு விற்றுக் கம்பளிப் பாவாடை அனுப்புகிறாள். அதை அவர்கள் தங்கள் மகளுக்குப் போட்டுவிடுகிறார்கள். பிறகு, பிள்ளைக்குக் கடும் காய்ச்சல், 40 பிராங் அனுப்பு என்று பொய்க் கடிதம். பல்லை விற்கிறாள். படத்தில் கடைவாய்ப் பல்லாக்கிவிட்டார்கள். நாவலில் அவை முன்பற்கள். சிரிக்கவும் முடியாமல் ஆக்கப்பட்ட அந்தக் கொடுமை படத்தில் குறைந்துபோனது என்பது என் எண்ணம்.

"நிப்பாட்டுங்க மிஸ்" என்றாள் பின்னாலிருந்த ஒருத்தி. 11 வருடம் குவைத்தில் வீட்டு வேலை செய்து திரும்பியவள். மகளுக்கென்று அனுப்பிய காசு உறவுக்காரர் வீட்டுக் கூரைத் தகரமாகிவிட்டது.

"எம்புள்ள சப்பாத்து இல்லாமத்தான் ஸ்கூலுக்குப் போயிருக்கு. போன்ல கேட்டா நல்லா இருக்கேம்மானு சொல்லும். பக்கத்துல அவங்க நிப்பாங்கல்ல."

2013இல் வந்த குடும்பப் பின்னணி அறிக்கை விதி, 5 வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய்மார் வெளிநாடு போவதைத் தடுத்தது. 2022இல் அந்த வயது 2 ஆகத் தளர்ந்தது. விதி எப்படியிருந்தாலும், போகும் தாய் பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்குத் திறந்துவிட்டுப் போகும்படி எங்கள் சங்கத்தில் இப்போது சொல்கிறோம். மாதம் ஒருமுறை பிள்ளையைத் தனியே அழைத்துத் தாயோடு பேச வைக்கிறோம்.

அன்று படத்தை முடிக்கவில்லை. அடுத்த கூட்டத்துக்கு அவள்தான் முதலில் வந்தாள். 16 வயது மகளையும் கூட்டி வந்திருந்தாள்.

"அந்தப் புள்ளைய யாராச்சும் கூட்டிட்டுப் போனாங்களா மிஸ்?"

வல்ஜான் கூட்டிப் போனான், அதைப் பார்க்கப் பான்டின் உயிரோடு இருக்கவில்லை என்றேன்.