விழுமியங்கள் ஒழுக்கமாகும் நெறி

வாய்மை நன்று, உழைப்பு நன்று, நீதி நன்று என்பதை அறியாதார் உலகில் அரியர். பொய் கூறுவோனும் பிறர் தன்னிடத்துப் பொய் கூறுதலை விரும்பான். களவு செய்வோனும் தன் பொருள் களவுபோதலைப் பொறான். நல்லன இவை, தீயன இவை என்னும் அறிவு மாத்திரமே மனிதனை நல்லவனாக்கிவிடுமாயின், ஒழுக்கக்கேடு என்பதொன்று உலகில் இராது. அறிவுக்கும் நடைக்கும் இடையே அகழியொன்று கிடக்கின்றது. அதனைக் கடத்தற்குரிய பாலம் யாது என்பது ஒழுக்கவியலின் பழைய வினாக்களுள் ஒன்று. கல்விக்கூடங்களின் தலையாய வினாவும் அதுவேயாம்.

ஒருவன் தன் வாழ்விற்கு மேலானவை எனக் கருதிப் போற்றுவனவற்றை விழுமியங்கள் என்பர். அவை நாடோறும் செயலிற் படிந்து, எண்ணிப் பாராத வேளையிலும் அவனை இயக்கும் நிலையை அடையும்பொழுது ஒழுக்கம் எனப் பெயர் பெறும். ஒழுகு என்னும் பகுதியினின்று பிறந்த அச்சொல்லே இதனை உணர்த்தும். நீர் இடையறாது ஒழுகுவதுபோல் இடையறாது நிகழும் நல்ல நடையே ஒழுக்கம். ஒருநாட் செய்த ஈகையாலே ஒருவன் வள்ளலாகான். ஒருநாட் கூறிய உண்மையாலே வாய்மையாளனும் ஆகான்.

கிரேக்க மொழியிலும் இதனையொத்த நிலை உண்டு. குணத்தைக் குறிக்குஞ் சொல்லும் பழக்கத்தைக் குறிக்குஞ் சொல்லும் ஒலியளவிற் சிறிதே வேறுபடுவன என்பதைக் கி. மு. நான்காம் நூற்றாண்டினரான அரிஸ்டாட்டில் எடுத்துக்காட்டினார். வீடு கட்டிக் கட்டியே ஒருவன் கட்டடக் கலைஞனாகின்றான். யாழ் மீட்டி மீட்டியே யாழ்ப்புலவனாகின்றான். அவ்வாறே நீதியான செயல்களைச் செய்து செய்தே நீதிமானாகின்றான் என்பது அவர் கொள்கை. நற்குணங்கள் பிறவியிலேயே முற்றுப்பெற்று வருவனவல்ல. இயற்கைக்கு மாறானவையும் அல்ல. அவற்றை ஏற்கும் தகுதியை இயற்கை தருகின்றது. நிறைவைப் பழக்கம் தருகின்றது.

இக்கொள்கையைத் தம் வாழ்க்கையிலேயே வைத்துச் சோதித்துப் பார்த்தோருள் பெஞ்சமின் பிராங்கிளின் குறிப்பிடத்தக்கவர். 1706 ஆம் ஆண்டிற் பொஸ்தன் நகரில், மெழுகுதிரியும் சவர்க்காரமும் செய்து விற்ற ஒருவரின் பதினேழு பிள்ளைகளுள் ஒருவராகப் பிறந்தவர் அவர். பள்ளியிற் பயின்ற காலம் ஏறக்குறைய இரண்டாண்டே. பன்னிரண்டாம் வயதில் தமையனாரின் அச்சுக்கூடத்திற் பணி பயிலப் புகுந்தார். 1723 இல் பிலடெல்பியா நகரஞ் சேர்ந்தார். பிற்காலத்தில் அச்சகத்தாராகவும், இடிதாங்கி கண்ட அறிஞராகவும், 1776 இல் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்திற் கையொப்பமிட்டோருள் ஒருவராகவும் விளங்கினார். முப்பது வயது நிரம்புமுன்னரே அவர் மேற்கொண்ட முயற்சியொன்று ஈண்டு நோக்கற்பாலது. குற்றமற்ற ஒழுக்கத்தை அடைதல் வேண்டும் எனத் துணிந்து, அதற்கோர் ஒழுங்குமுறையை அவர் வகுத்தார். எழுபத்தெட்டாம் வயதில், பிரான்சு தேசத்திலே பாசி என்னும் ஊரில் தங்கியிருந்தபோது, தமது சுயசரிதத்தில் அதனை விரித்தெழுதினார்.

முதலில் அவர் தாம் விழுமியன என மதித்த குணங்களைத் தொகுத்தார். உணவிலும் குடியிலும் அளவு, சொல்லடக்கம், ஒழுங்கு, மனவுறுதி, சிக்கனம், உழைப்பு, கபடமின்மை, நீதி, மிதம், தூய்மை, அமைதி, கற்பொழுக்கம் என அவை பன்னிரண்டாயின. அப்பட்டியலைக் கண்ட நண்பரொருவர், பிராங்கிளினைப் பலரும் செருக்குடையவராகவே கருதுகின்றனர் என்பதை அன்போடு எடுத்துரைத்து, சான்றுகளுங் காட்டினார். அதன்மேல் பணிவு பதின்மூன்றாவதாகச் சேர்ந்தது. ஒவ்வொரு குணத்திற்கும் தாம் கொண்ட பொருள் இதுவெனச் சுருங்கிய விதியொன்றையும் எழுதி வைத்தார். வெறும் பெயர் ஆளுக்கொரு பொருள் தருமாதலின், செய்யத்தக்கது இது, தவிர்க்கத்தக்கது இது எனத் தெளிந்தாலன்றி அது நடைக்கு வாராது.

அடுத்து, அவற்றை ஒரு காரணம் பற்றி வரிசைப்படுத்தினார். உணவிற் கட்டுப்பாடு தெளிந்த அறிவைத் தரும். தெளிந்த அறிவு பிற பழக்கங்களின் இழுப்பை எதிர்க்க உதவும். நாவை அடக்கிச் செவியைத் திறப்பவனுக்கு அறிவு வளரும். ஒழுங்கு காலத்தை மீதப்படுத்தும். உறுதி ஏனையவற்றைத் தாங்கும். சிக்கனமும் உழைப்பும் கடனினின்று விடுவிக்கும். கடனில்லாதவனுக்கு உண்மையும் நீதியும் எளியவாம். இவ்வாறு ஒரு குணம் மற்றொன்றிற்கு வழிவகுத்தல் நோக்கத்தக்கது. வறுமையாற் கடன்பட்டோன் பொய்க்கு ஆளாதல் எளிது என்பதை அறிந்து, வாய்மைக்கு முன்னே சிக்கனத்தை வைத்த அவரது நடைமுறை அறிவு பாராட்டற்குரியது.

மூன்றாவதாக, சிறு குறிப்பேடொன்றை அமைத்தார். பக்கமொன்றிற்கு ஒரு குணம் தலைப்பாயிற்று. கிழமையின் ஏழு நாட்களுக்கும் ஏழு நிரல்கள். பதின்மூன்று குணங்களுக்கும் பதின்மூன்று வரிகள். நாடோறும் மாலையிலே தம் நடையை ஆராய்ந்து, தவறிய இடந்தோறும் கரும்புள்ளியொன்று இட்டார். முதற்கிழமையில் முதற்குணத்தின் வரியைப் புள்ளியின்றிக் காத்தலிலேயே சிறப்பாகக் கருத்தைச் செலுத்தினார். ஏனைய வரிகளிலும் தவறுகளைக் குறிக்கத் தவறவில்லை. இரண்டாங் கிழமையில் இரண்டு வரிகளைக் காத்தார். தோட்டத்திற் களை பறிப்போன் எல்லாப் பாத்திகளிலும் ஒருங்கே கைவையாது, ஒன்றை முடித்தபின் மற்றொன்றிற் புகுதல்போலும் இது. பதின்மூன்று கிழமைகளில் ஒரு சுற்று முடியும். ஓராண்டில் நான்கு சுற்றுக்கள் முடியும்.

பயன் யாதாயிற்று? தாம் எண்ணியிருந்ததிலும் மிகுதியாகத் தம்மிடம் குற்றங்கள் இருத்தலைக் கண்டு வியந்ததாக அவரே எழுதுகின்றார். பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டித் தாளில் துளைகள் விழுந்தமையால், துடைத்து மீள எழுதத்தக்க தந்தத் தகடுகளுக்குக் கணக்கை மாற்றினார். ஒழுங்கு என்னும் குணமே அவரை மிகவும் வருத்திற்று. பொருள்களை உரிய இடத்தில் வைத்தலும் வேலைகளை உரிய வேளையிற் செய்தலும் அவருக்கு இறுதிவரை முழுமையாகக் கைகூடவில்லை. பணிவைப் பற்றி அவர் கூறுவது இன்னுஞ் சுவையுடையது. பணிவின் தோற்றத்தை ஓரளவு பெற்றதாகவும், அதன் உண்மையைப் பெற்றதாகப் பெருமை கொள்ள முடியாதெனவும் ஒப்புக்கொள்கின்றார். செருக்கை முற்றாக வென்றுவிட்டதாக எண்ணினால், அந்தப் பணிவைக் குறித்தே செருக்குத் தோன்றிவிடும் என்பது அவர் கண்ட உண்மை. ஆயினும், முயலாதிருந்தால் ஆகியிருக்கக்கூடியதிலும் நல்லவராகவும் மகிழ்ச்சியுடையவராகவும் தாம் ஆனதாக அவர் முடிவு கூறினார். நிறைவை எட்டாத முயற்சியும் வீண்முயற்சி ஆகாது என்பது இதனாற் பெறப்படும்.

எனினும், இவ்வரலாற்றை இத்தோடு நிறுத்துவது உண்மைக்கு மாறாகும். நீதி என்பது பிராங்கிளினின் பட்டியலில் எட்டாவது குணம். பிறர்க்குத் தீங்கிழையாமையும், செய்யக் கடமைப்பட்ட நன்மையைச் செய்யாது விடாமையுமே அதற்கு அவர் வகுத்த பொருள். அங்ஙனம் எழுதியவரின் இல்லத்தில் அடிமைகள் இருந்தனர். 1757 இல் அவர் இலண்டன் சென்றபோது அடிமைகள் இருவர் உடன் கொண்டுசெல்லப்பட்டனர். அவர் நடத்திய பத்திரிகையில் அடிமை விற்பனை விளம்பரங்களும், தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் தருமாறு கேட்கும் விளம்பரங்களும் வெளிவந்தன. நாடோறும் தம் குற்றங்களை எண்ணிய ஒருவரின் கண்ணுக்கு இப்பெருங் குற்றம் நெடுங்காலம் புலப்படாது போயிற்று. அவரிடம் விழுமியம் இல்லாமல் இல்லை. நீதிக்குரியோர் யாவர் என்னும் எல்லையை அவர் வாழ்ந்த சமுதாயம் முன்னரே வகுத்துவிட்டிருந்தது. அவ்வெல்லைக்குள் நின்றே அவர் தம்மை அளந்தார். தன்னைத் தானே அளப்போன் கையிலுள்ள அளவுகோலே கோணலாயிருப்பின், அளத்தலில் எத்துணைக் கவனமிருந்தும் பயனில்லை.

அக்கோணலை நிமிர்த்தியவை எவை? 1751 இல் தாம் எழுதிய கட்டுரையொன்றில், களவு அடிமைகளின் இயல்பிலேயே உள்ளது என்னும் கருத்துப்பட அவர் எழுதியிருந்தார். 1763 இல், பிலடெல்பியாவிற் கறுப்பினப் பிள்ளைகளுக்கென நடைபெற்ற பள்ளியொன்றை நேரிற் சென்று பார்த்தார். விரைந்து விளங்கிக்கொள்ளும் திறத்திலும் நினைவாற்றலிலும் அவர்கள் வெள்ளையினப் பிள்ளைகளுக்கு எவ்வகையிலும் குறைந்தவரல்லர் எனக் கண்டு, தம் பழைய எண்ணம் மாறியதை மடலொன்றில் எழுதினார். 1769 இல் அக்கட்டுரை மீளப் பதிப்பிக்கப்பட்டபோது, அக்குற்றம் அடிமைகளின் இயல்பால் விளைவதன்று, அடிமைத்தனத்தின் இயல்பால் விளைவது என்று வாசகம் திருத்தப்பட்டது. 1787 இல் அடிமை ஒழிப்பிற்காகப் பென்சில்வேனியாவில் இயங்கிய சங்கத்தின் தலைவரானார். 1790 பெப்ரவரியில், அடிமை முறையை நீக்க வேண்டுமென்னும் விண்ணப்பத்திற் கையொப்பமிட்டு அமெரிக்கக் காங்கிரசுக்கு அனுப்பினார். விண்ணப்பம் பயன் தரவில்லை. அவ்வாண்டு ஏப்பிரல் 17 ஆந் திகதி தமது எண்பத்து நான்காம் வயதிற் காலமானார்.

செருக்கை அவருக்குக் காட்டியவர் ஒரு நண்பர். நீதியின் எல்லை குறுகியது என்பதைக் காட்டியவர்கள் ஒரு பள்ளியின் பிள்ளைகள். இரண்டையும் குறிப்பேடு தானாகக் காட்டவில்லை. தன்னாய்வு இன்றியமையாதது, ஆயினும் பிறர் கூறும் உண்மைக்குச் செவிசாய்த்தலும், தன் வட்டத்திற்கு வெளியே உள்ளாரை நேரிற் கண்டறிதலும் அதனோடு சேராவிடின் அது குறையுடையதே. அச்சுத்தொழில் பயின்ற பிராங்கிளின் தம் வாழ்க்கைத் தவறுகளை அச்சுப்பிழைகள் என்றே குறிப்பிட்டார். பிழையைத் தானே காணுதல் எழுதியவனுக்கு அரிது. மற்றொருவர் படித்துப் பார்க்கும்போதே அது பெரும்பாலும் வெளிப்படும். இஃது அச்சுக்கூடத்திற்கு மாத்திரமன்றி வாழ்க்கைக்கும் ஒக்கும்.

இனி, இது கல்விக்கூடத்திற்கு எவ்வாறு பொருந்தும் என்பதை நோக்குதல் தகும். 1920 களில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து ஹார்ட்சோன், மே என்னும் இரு அறிஞர்கள் பதினாயிரத்திற்கு மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளிடம் ஒழுக்கஞ் சார்ந்த சோதனைகள் நடத்தினர். ஒரு பாடத்தின் சோதனையில் ஏமாற்றிய பிள்ளை வேறொரு சூழலில் நேர்மையாய் நடந்தது. ஒரு சூழலில் நேர்மையாய் நடந்த பிள்ளை மற்றொன்றில் ஏமாற்றியது. நேர்மையைப் பற்றி நன்கு பேசத் தெரிந்த பிள்ளைகள் நேர்மையாகவே நடப்பர் என்பதற்கும் போதிய ஆதாரங் கிடைக்கவில்லை. உடன் பயிலும் வகுப்பின் போக்குப் பிள்ளையின் நடையைப் பெரிதும் பாதித்தது. பிற்காலத்தார் அம்முடிவுகளை மீளாய்ந்து, சூழல் மாறினும் ஓரளவு மாறாத நேர்மைக் குணமும் பிள்ளைகளிடம் உண்டெனக் காட்டினர். எவ்வாறாயினும், நீதிமொழிகளை மனனஞ் செய்வித்தலாலேயே ஒழுக்கம் அமையும் என்னும் எண்ணம் ஆதாரமற்றது என்பதில் ஐயமில்லை.

ஆகவே, விழுமியத்தை ஒழுக்கமாக்க விரும்பும் மாணவன் கவனிக்க வேண்டியவை சில உள. தான் போற்றுவன எவை என்பதைத் தெளிவாக வரையறுத்தல் முதலாவது. வாய்மையைப் போற்றுகின்றேன் என்பதிலும், செய்யாத பயிற்சியைச் செய்ததாக ஆசிரியரிடம் கூறேன் என்பது பயனுடைய தீர்மானமாகும். எல்லாவற்றையும் ஒருங்கே பற்றாது ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குச் செல்லுதல் இரண்டாவது. தீர்மானித்தபின் வாய்க்கும் முதற் சந்தர்ப்பத்திலேயே அதைச் செயலாக்குதல் மூன்றாவது. 1890 இல் வெளிவந்த தமது உளவியல் நூலில் வில்லியம் ஜேம்ஸ் இதனை வற்புறுத்தினார். செயலாகாது கழியும் நல்லுணர்ச்சி ஒவ்வொன்றும் செயலாற்றும் வன்மையைக் குறைக்கும் என்பது அவர் கருத்து. நாள்தோறும் தன்னை ஆராய்தல் நான்காவது. குறைகூறும் நண்பனைப் பகைவனாக எண்ணாமை ஐந்தாவது. தன் விழுமியம் யாரை உட்கொள்ளாது விடுகின்றது என வினவுதல் ஆறாவது. வீட்டில் வேலை செய்வோரிடத்தும், தனக்குக் கீழ்ப்பட்டவராகச் சமுதாயம் எண்ணும் மக்களிடத்தும் ஒருவன் நடந்துகொள்ளும் முறையிலேயே அவனுடைய நீதி சோதிக்கப்படுகின்றது. ஒத்த நிலையினரிடம் மரியாதையாய் நடத்தல் எவர்க்கும் எளிது.

ஆசிரியர்க்கும் இதில் ஒரு பங்குண்டு. நேர்மை பேசப்படும் வகுப்பிலும், நேர்மை வழக்கமாய் நிகழும் வகுப்பிலேயே பிள்ளை அதனைக் கற்கும். தம் தவறொன்றை மாணவர் சுட்டியபோது கரும்பலகையில் எழுதியதை அமைதியாக அழித்துத் திருத்தும் ஆசிரியர், வாய்மையையும் பணிவையும் பற்றி ஒருமணி நேரம் பேசுவதிலும் மிகுதியாகப் புகட்டிவிடுகின்றார்.

பிராங்கிளின் தம் சுயசரிதத்திற் கூறும் கதையொன்று உண்டு. கோடரி வாங்கிய ஒருவன் அதன் முழுப்பரப்பும் அதன் வாய்போலவே பளபளக்க வேண்டுமென விரும்பினான். சக்கரத்தை நீ சுற்றினால் தீட்டித் தருவேன் என்றான் கொல்லன். கொல்லன் கோடரியைச் சாணையில் அழுத்த, சுற்றியவன் களைத்தான். இன்னுஞ் சுற்றினாற் புள்ளிகள் போகும் என்று கொல்லன் சொல்லியும், புள்ளியுள்ள கோடரியே தனக்குப் பிடித்ததெனக் கூறிப் பெற்றுச் சென்றான். களைப்பின் மிகுதியால் குறையையே நிறைவெனக் கொள்ளும் மனித இயல்பை இது காட்டும். புள்ளி முற்றும் நீங்கிய கோடரி எவர் கையிலும் இல்லை. ஆயினும், புள்ளியைப் புள்ளியென்றே ஒப்புக்கொண்டு மேலுஞ் சக்கரத்தைச் சுற்றுவோனுக்கும், அதனையே அழகெனச் சொல்லி நின்றுவிடுவோனுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. ஒழுக்கமுடையான் எனப்படுவோன் அம்முன்னவனே.